சாவி வைத்திருப்பவர் சம்மதம் போதுமா? செட்டிநாட்டில் ஆய்வு தொடங்குகிறவர்களுக்கு ஒரு நெறிமுறை வழிகாட்டி

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த சில வாரங்களிலேயே கைடு சொல்லிவிடுவார்: "ஆர்.பி.இ.யை முதல்ல முடிச்சிருங்க." ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்ற அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019 டிசம்பரில் முனைவர் பட்ட மாணவர் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. 2 கிரெடிட், 30 மணி நேரம். தேர்வெழுதித் தேறுவது பெரிய பாடில்லை. சிரமம் அதற்கப்புறம்தான். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை வாட்ச்மேன் திறந்துவிட்டு, "எடுத்துக்கங்க தம்பி, யாரும் கேக்க மாட்டாங்க" என்று பெட்டகத்தைக் காட்டும்போது அந்த 30 மணி நேரத்தில் படித்தது கைகொடுக்க வேண்டும்.

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் ஆய்வுக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் உட்காருகிறவர்களுக்கும் இதில் கொஞ்சம் உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய் மனிதர்களிடம் பேசப்போகிறவர்களை மனதில் வைத்தே அதிகம் எழுதியிருக்கிறேன். இந்த வட்டாரம் அவர்களைத்தான் அதிகம் சோதிக்கும்.

1. பாடத்தை முடியுங்கள்

ஆர்.பி.இ.யில் ஆறு அலகுகள். தத்துவமும் அறமும் 3 மணி நேரம், அறிவியல் நடத்தை 5, வெளியீட்டு அறம் 7, திறந்த அணுக்க வெளியீடு 4, வெளியீட்டு முறைகேடு 4, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் 7. கணக்கைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பகுதி நேரம் கட்டுரை வெளியிடுவதைப் பற்றியே போகிறது. களத்தில் ஒரு மனிதரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது என்பதற்கு இதில் தனி அலகே கிடையாது. மானியக் குழு பாடத்தை வகுத்த விதம் அப்படி. ஆகவே களப்பணி செய்பவர்கள் இந்தச் சான்றிதழோடு நின்றுவிடக் கூடாது.

அந்த இடைவெளியை நிரப்ப, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டியை எடுத்துப் படியுங்கள். உயிரிமருத்துவத்துக்கும் சுகாதார ஆய்வுக்கும் எழுதப்பட்டதுதான். ஆனாலும் சம்மதம், இரகசியம், நெறிக்குழு பற்றிய அத்தியாயங்கள் சமூகவியல், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களுக்கும் அப்படியே பொருந்தும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்திலும் ஆய்வு நெறிப் பாடங்கள் வருகின்றன. 'ட்ரீ' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பன்னாட்டுப் பயிற்சித் தளமும் இலவசம்தான். வெளியில் படித்த பாடம் ஆர்.பி.இ.க்கு ஈடாகுமா என்பதை மட்டும் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வரலாற்றுப் பகுதி தேர்வுக்கு வரும்: 1947 நியூரம்பர்க் நெறி, 1964 ஹெல்சிங்கி பிரகடனம், 1979 பெல்மாண்ட் அறிக்கை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு இருந்த மேகநோயைச் சிகிச்சை தராமலே கவனித்துக்கொண்டிருந்த கதையும் வரும். இவற்றை மனப்பாடம் செய்யலாம். ஆனால் நமக்குப் பக்கத்தில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-10இல் அன்றைய ஆந்திராவின் (இப்போது தெலங்கானா) கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த மாணவியர் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியருமே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. படிவம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அந்த உரிமை இல்லை. செட்டிநாட்டில் நீங்கள் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளப் போவதும் இந்தக் கேள்வியோடுதான்.

2. உங்கள் ஆய்வு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று பாருங்கள்

நோயாளி, இரத்தம், உடல்நலம் பற்றிய கேள்வித்தாள் என்று எது இருந்தாலும் நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். எலி, முயல் என்றால் விலங்கு நெறிக்குழு தனி. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. நாட்டு மருந்து பற்றிக் கேட்டு மூலிகை சேகரிக்கப் போகிறீர்கள், வெளிநாட்டுக் கூட்டாளியும் இருக்கிறார் என்றால் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தைப் பற்றிக் கைடிடம் பேசாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள்.

தமிழ், வரலாறு, வணிகவியல் மாணவர்கள் பலர் "நமக்கெல்லாம் எத்திக்ஸ் கமிட்டி கிடையாது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. மனிதரிடம் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்றால், ஒப்புதல் வேண்டுமா வேண்டாமா என்று பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேளுங்கள். எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விலக்கு உண்டு என்று சொன்னாலும் அதைக் குழுதான் சொல்ல வேண்டும். பின்னால் ஓர் ஆய்விதழ் ஒப்புதல் எண் கேட்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கும்.

3. குழுவுக்கு விண்ணப்பம்

2017 வழிகாட்டியின்படி குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருப்பார்கள். தலைவர் வெளி நிறுவனத்தவர். சட்டம் தெரிந்தவர், சமூகவியலாளர், எந்தத் துறையையும் சாராத ஒரு பொதுநபர் எல்லாரும் உண்டு. குறைந்தது ஐந்து பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும். உங்கள் விண்ணப்பத்தை அந்தப் பொதுநபருக்குப் புரியும்படி எழுதுங்கள். அவருக்குப் புரிந்தால் மற்றவர்களுக்கும் புரியும்.

ஆய்வுத் திட்டம், கேள்வித்தாள், தகவல் தாள், சம்மதப் படிவம், உங்கள் தன்விவரக் குறிப்பு, கைடின் கடிதம் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். தகவல் தாளும் படிவமும் தமிழிலும் இருக்க வேண்டும். பரிசீலனை மூன்று வகை: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக்குழுப் பரிசீலனை. குழு தினமும் கூடாது. கூட்டம் எப்போது என்று கேட்டுக்கொண்டு அதற்கு முன்பே கொடுங்கள்.

இதில் வளைவு நெளிவே இல்லாத விதி ஒன்றுதான்: தரவு சேகரித்த பிறகு ஒப்புதல் வாங்க முடியாது. "சும்மா முன்னோட்டமா பத்துப் பேரைக் கேட்டேன்" என்று சொல்லி அந்தப் பத்துப் பேரை ஆய்வேட்டில் சேர்க்கவும் முடியாது.

4. சம்மதம்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

இதற்குக் கொஞ்சம் நிறையவே இடம் ஒதுக்குகிறேன்.

முதலில் தகவல் தாள். ஆங்கில மாதிரிப் படிவத்தை வரிக்கு வரி தமிழாக்கி, "பங்கேற்பாளராகிய நான் தன்னார்வ அடிப்படையில் இவ்வாய்வில் பங்கேற்க இசைவளிக்கிறேன்" என்று எழுதி நீட்டினால் ஆச்சி கண்ணாடியைத் தேடுவார், பிறகு உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அது சம்மதம் ஆகாது, விருந்தோம்பல். இப்படி எழுதிப் பாருங்கள்: "நீங்கள் பேசுவதை ரெக்கார்டு செய்வேன். பிடிக்கவில்லை என்றால் நடுவில் நிறுத்தச் சொல்லலாம். பதில் சொல்லாத கேள்விக்கு ஏன் என்று கேட்கமாட்டேன். பிறகு மனம் மாறினால் இந்தத் தேதிக்குள் எனக்குப் போன் செய்தால், நீங்கள் சொன்னதை எடுத்துவிடுவேன். இதனால் உங்களுக்குப் பணமோ சலுகையோ கிடைக்காது." யாருக்காக, எதற்காக, எவ்வளவு நேரம், குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்பவையும் இருக்க வேண்டும். எழுதியதை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் "அப்படின்னா?" என்று கேட்கிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவர் கைநாட்டு வைக்க, எழுதப் படிக்கத் தெரிந்த, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களோடு வந்த வகுப்புத்தோழர் சாட்சி ஆகமாட்டார். சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் தனி, பிள்ளையின் சம்மதம் தனி: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, 12 முதல் 18 வரை எழுத்தில்.

இனி, யாரிடம் கேட்பது. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், வீடு ஒன்றுக்கு ஒரே சொந்தக்காரர் இருப்பது அபூர்வம். பங்காளிகள் பல புள்ளிகளாக (தனிக் குடும்பங்களாக) பிரிந்து சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஒவ்வொருவருக்கும் ஓர் அறை; வீட்டு முன்பகுதியான முகப்பும் பட்டாலையும் எல்லாருக்கும் பொது. சாவி மட்டும் ஊரில் இருக்கும் ஒருவரிடமோ வாட்ச்மேனிடமோ இருக்கும். சாவிக்காரர் கதவு திறக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம். பெட்டகத்தில் இருக்கும் ஏட்டைப் படமெடுத்து நூலாக்க அவர் அனுமதி தர முடியாது. அறைக்குள் இருப்பதற்கு அந்த அறைக்காரரைக் கேளுங்கள். பொதுச்சொத்து என்றால் பங்காளிகளில் பொறுப்பாக இருப்பவர் யார் என்று விசாரித்து, மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உங்கள் ஒருபக்கத் தகவல் தாளை அதில் போடச் சொன்னால் மாதக்கணக்கில் ஆகிற வேலை ஒரு வாரத்தில் முடிந்தாலும் முடியும். ஒருவர் ஆட்சேபித்தால் அந்தப் பெட்டகத்தை விட்டுவிடுங்கள். வழக்கு நடக்கும் வீடு என்று தெரிந்தால் உள்ளேயே போக வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் ஆய்வேட்டின் பிற்சேர்க்கை நாளைக்கு நீதிமன்றத்தில் ஆவணமாகி நிற்கும்.

ஏடு என்றால் இன்னொரு சிக்கல். பர்மா, மலேயா வட்டிக்கடைப் பேரேட்டில் கடை வைத்திருந்தவர் பெயர் மட்டுமா இருக்கிறது? கடன் வாங்கியவர்கள் பெயரும் இருக்கிறது. இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு சீதனம் என்று இருக்கும். யார் யாருக்குப் பிள்ளை கூட்டினார்கள் (தத்து எடுத்தார்கள்) என்பதற்கும் காகிதம் கிடைக்கும். ஏட்டைக் கொடுத்தவர் சம்மதித்துவிட்டார், சரி. அதில் பெயர் இருக்கும் மற்றவர்களின் பேரன் பேத்திகள் உயிரோடு இருக்கிறார்கள். இதற்கு ஒரே விடை கிடையாது. தொகைகளைக் கூட்டிப் பொதுவாகச் சொல்ல முடிகிற இடத்தில் பெயரைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிடுவாரா? இங்கே மறையமாட்டார். "இளையாத்தங்குடிக் கோயிலைச் சேர்ந்த, இன்ன ஊரில் பிறந்த, பர்மாவின் மோல்மேனில் கடை வைத்திருந்தவரின் இரண்டாம் மகன்" என்று எழுதினால் போதும், ஊரில் எவரும் அவர் வீட்டு வாசலைக் காட்டிவிடுவார்கள். நகரத்தார் குலப்பிரிவுகளுக்கான கோயில்கள் ஒன்பதுதான். கோயில், ஊர், கடை இருந்த நகரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது ஆதார் எண் மாதிரி. மூன்றில் ஒன்றையாவது மங்கலாக்குங்கள். "தெற்காசியாவுக்கு வெளியே ஒரு துறைமுக நகரம்" என்று எழுதினால் உங்கள் வாதம் கெட்டுவிடாது.

படம் எடுக்கும்போது போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். பூட்டிய வீட்டின் நிலைக்கதவும் மரச்சிற்பமும் தஞ்சாவூர் ஓவியமும் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று படத்தோடு இணையத்தில் போடுவது திருடருக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள்களுக்கு என்ன விலை என்று தெரியும். அசல் ஏட்டை "படிச்சிட்டுத் தர்றேன்" என்று வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். 75 ஆண்டு கடந்த கையெழுத்து ஆவணங்களும் 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும்.

ஒரு யோசனை. வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன், அச்சான பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையைப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் சேர்த்த சேகரிப்பு அது. 1994இல் அதை வைத்தே நூலகம் தொடங்கினார்கள். அங்கே கிடைப்பதற்காக ஒரு குடும்பத்தைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

பட்டறைகளுக்கு வருவோம். ஆத்தங்குடித் தரை ஓட்டுப் பட்டறையில் கண்ணாடி மேல் சட்டம் வைத்து வண்ணக் கலவை ஊற்றுகிறவரிடம் பேச முதலாளியின் அனுமதி வேண்டும்தான். ஆனால் முதலாளி "பேசுப்பா" என்றது உள்ளே வர அனுமதி. அந்தத் தொழிலாளியின் சம்மதம் ஆகாது. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கூலியைப் பற்றியோ கைத்தோல் வெடிப்பைப் பற்றியோ அவர் என்ன சொல்லிவிடப் போகிறார்? வேலை முடிந்து, பட்டறைக்கு வெளியே, டீக்கடைக்கும் கொஞ்சம் தள்ளிப் பேசுங்கள். வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் அதற்கு ஈடு கொடுப்பது முறை. எவ்வளவு என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மறுக்க முடியாத அளவுக்குப் பெரிய தொகை வேண்டாம். கொட்டான் (ஓலைக்கூடை) முடையும் பெண்களிடமும் கண்டாங்கிச் சேலை நெசவாளர்களிடமும் இதே கணக்குத்தான். வடிவத்தைப் படமெடுத்து வெளியிடுவதற்குத் தனியாகக் கேளுங்கள். அது அவர்கள் பிழைப்பு.

5. குறிப்பேடும் தரவும்

1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில் இருப்பதால், ஆய்வகக்காரர்களும் இங்கே நிறைய. அவர்களுக்குச் சோதனை வேறு விதம். ஐந்து மின்கலம் கட்டி, நன்றாக ஓடிய ஒன்றின் வரைபடத்தை மட்டும் போட்டு, மற்ற நான்கைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பது முறைகேடு. மின்தடைத் திருத்தம் செய்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பதும், இரைச்சலை மழித்து வளைவை அழகாக்குவதும், நுண்ணோக்கிப் படத்தில் ஒரு மூலையை நறுக்குவதும் அப்படித்தான். ஐந்தில் எத்தனை ஓடியது என்று எழுதுங்கள். கட்டுரையின் மதிப்பு அதனால் குறையாது.

பக்க எண் அச்சான கட்டுக் குறிப்பேடு வாங்குங்கள். அன்றன்றைக்கு மையால் எழுதுங்கள். தவறை ஒரு கோட்டால் அடியுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். கருவி தந்த மூலக்கோப்பைத் திருத்தாமல் ஒரு பிரதி தனியாக வையுங்கள். களப்பணிக்காரர்கள் பெயர்ப் பட்டியலையும் பேட்டிகளையும் ஒரே பென்டிரைவில் போட்டுவைக்கக் கூடாது.

6. எழுதும்போது

எழுத்துத் திருட்டைத் தடுக்க மானியக் குழு கொண்டுவந்த 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் காட்டியவை, துணைநூற்பட்டியல், பொதுவான சொற்றொடர்களில் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை ஆகியவை கணக்கில் வராது. இதைப் படித்துவிட்டு "பத்து சதவீதம் அடிக்கலாம்" என்று புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பக்கம்தான், ஆனால் அடுத்தவருடைய முக்கியமான பக்கம் என்றால் அதுவும் திருட்டே.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக இரண்டு செய்தி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வருகிற குறைந்த சதவீதத்துக்கு மதிப்பே இல்லை. முதல் நாளிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள். அடுத்தது, ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி மூலம் சொல்லாமல் போடுவது. மென்பொருள் அதைப் பெரும்பாலும் பிடிக்காது. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வரும் புறத்தேர்வாளர் பிடிப்பார், ஏனென்றால் அந்தக் கட்டுரையை அவரும் படித்திருப்பார்.

உங்கள் பழைய கட்டுரையையே உரிய மேற்கோள் இல்லாமல் மறுபடி வெளியிடுவதைத் தன்திருட்டு என்று மானியக் குழு 2020 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தினால் எதற்கு என்று சொல்லுங்கள். அவை தரும் துணைநூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் தரும் அவை.

7. வெளியிடும்போது

இதழ் கேர் பட்டியலில் (மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலில்) இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பட்டியலை மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி இதழை நீங்களே எடைபோட வேண்டும்: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையானவர்களா, நடுவர் மதிப்பீடு எப்படி, பணம் எப்போது கேட்கிறார்கள். மூன்று நாளில் ஏற்பு, ஜிபேயில் பணம் என்றால் தொடாதீர்கள். மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட ஒழுங்குமுறை, ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதும் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கட்டுரையில் யார் யார் ஆசிரியர் என்ற பெயர்ப் பட்டியல் விஷயத்தைப் பேசத் தயங்குவோம். வேலை தொடங்கும்போதே பேசிவிட்டால் சங்கடம் குறைவு: "சார், இந்த பேப்பர்ல யார் யார் பேரு, எந்த வரிசைன்னு இப்பவே ஒரு மெயில்ல போட்டு வச்சிரலாமா?" மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைக்கிறது: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். கருவி கொடுத்தவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் நன்றியுரையில் இடம் உண்டு. உங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிப் பேட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கும் உண்டு. அவர் பெயரைப் போடலாமா என்று அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

8. முடிக்கும்போது

நடுவில் கேள்வித்தாளை மாற்றினாலோ ஊரைச் சேர்த்தாலோ குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். முடிந்ததும் முடிவறிக்கை கொடுங்கள். ஏடு காட்டிய குடும்பத்துக்கு, நீங்கள் எடுத்த படங்களின் பிரதியை ஒழுங்காகப் பெயரிட்டு அனுப்புங்கள். பல வீடுகளில் அசல் செல்லரித்துக்கொண்டிருக்கிறது. பேட்டி கொடுத்தவர்களுக்கு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் போதும். கையெழுத்தான படிவங்களை ஆய்வு முடிந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் துறையில் பூட்டி வைக்க வேண்டும். எந்த அலமாரி, சாவி யாரிடம் என்பதை எழுதி கைடிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுங்கள்.